துண்டுக்குள் அஞ்சு விரல்

தேவாலாவில் ஜூன் மாதம் தேர்தல் வைக்கலாம் என்று யோசனை சொன்னவர் சென்னையில் ஏதோ ஒரு ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். எமர்ஜென்சி முடிந்து எல்லோருக்கும் ஓட்டு நினைப்பு வந்த வருஷம் அது. மே கடைசியில் ஒட்டிய போஸ்டர்கள் ஜூன் முதல் வாரத்தில் சுவரிலிருந்து வழிந்து, ஓடையில் இறங்கி, கேரளாவுக்குப் போய்விட்டன. அங்கே எங்கள் வேட்பாளர்களுக்கு எத்தனை ஓட்டு விழுந்ததோ தெரியாது. எனக்கு அதில் புகார் இல்லை. பஜாரில் குடையும் ரப்பர் செருப்பும் விற்கிறவன் நான். மழை என் பங்காளி.

என் கடைக்கு நேர் எதிரே நாச்சிமுத்து அண்ணனின் மிளகு மண்டி. மண்டிக்குப் பின்னால் வீடு. இரண்டு தடவை எம்எல்ஏ. ஆட்சி கலைந்து ஒன்றரை வருஷம் சும்மா இருந்துவிட்டு, இப்போது மூன்றாம் தடவைக்கு நிற்கிறார்.

அவரை அரசியலுக்குக் கொண்டுவந்தது கொள்கை இல்லை, குரல். காலை ஏழு மணிக்கு மண்டி வாசலில் நின்று அவர் மிளகு ஏலம் கூறினால், மூன்று மைல் தள்ளி நாடுகாணியில் விலை ஏறும் என்பார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் கட்சித் தலைவர் ஒருவர் பேச வந்தபோது மைக் செட் நனைந்து செத்துப்போனது. "யாராச்சும் நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லுங்கப்பா" என்று அவர் கெஞ்ச, நாச்சிமுத்து அண்ணன் மேடையேறினார். தலைவர் சொன்னது முன் வரிசைக்குக் கேட்டது. இவர் சொன்னது மலைக்குக் கேட்டது. அடுத்த தேர்தலில் சீட்டு இவருக்கு.

அந்தக் குரல் சட்டசபையில் ஒன்பது வருஷத்தில் இரண்டு முறைதான் எழுந்தது. முதல் முறை, "மலைக்காரன் உடம்புங்க, அந்த ஃபேனைக் கொஞ்சம் இக்கட்டால, எம்பக்கமாத் திருப்பச் சொல்லுங்க" என்று. இரண்டாம் முறை, தேவாலாவிலிருந்து கூடலூருக்கு விடிகாலை பஸ் கேட்டு. ஃபேன் திரும்பியது. பஸ்ஸும் வந்தது. மற்றதெல்லாம், பிரசவ ஆஸ்பத்திரி, ஓடைப் பாலம், பள்ளிக்கூடத்துக்கு ஓடு எல்லாமே, அதிகாரிகளின் அறைகளில் உட்கார்ந்து மண்டிக்காரர் பேசுகிற மாதிரி பேசி வாங்கியவை. பேரம் பேசத் தெரிந்தவனுக்குப் பிரசங்கம் எதற்கு?

அந்தப் பேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சின்னச் சரக்குக்குத்தான் வாய் ஏலம். பெரிய சரக்கு என்றால் துண்டு. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையை முழுசாய்ப் பிடித்தால் அஞ்சு. விலை பிடிக்காவிட்டால் உதறல். படிந்தால் உள்ளங்கையில் ஓர் அழுத்து. சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. வாயால் ஆயிரம் பொய் சொல்லலாம். துண்டுக்குள் சொன்னால் அப்புறம் மண்டியில் கால் வைக்க முடியாது. அண்ணன் சம்சாரம் மருதாம்பாள் கண்ணபுரம் மாட்டுச் சந்தைத் தரகர் மகள். வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே துண்டுக் கணக்கு படித்தவர்.

சித்திரையிலேயே அண்ணன் தொண்டை கட்டியிருந்தது. வேட்புமனு போட்ட மறு வாரம் சுத்தமாய் அடைத்துக்கொண்டது. கோயமுத்தூரில் தொண்டை டாக்டரிடம் போனார்கள். அவர் உள்ளே கண்ணாடி விட்டுப் பார்த்து, ஒரு முண்டு இருக்கிறது என்றார். அதில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். "மூணு வாரத்துல முடிவு தெரியும். தபால்ல எழுதறேன். அதுவரைக்கும் வாயத் திறக்கக் கூடாது. முணுமுணுக்கக் கூடக் கூடாது."

"கெட்ட முண்டாங்க டாக்டர்?" என்று மருதாம்பாள் கேட்டிருக்கிறார்.

"அது தெரியத்தானுங்களே அனுப்பியிருக்கு."

திரும்பி வரும்போது பர்லியாரில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கி மங்குஸ்தான் வாங்கினார்களாம், இவர்கள் இறங்கவில்லையாம். இதை மருதாம்பாள் என்னிடம் சொன்னது பதினைந்து நாள் கழித்து.

வந்ததும் அண்ணன் செய்த முதல் வேலை, ஒரு பள்ளிக்கூடத்துச் சிலேட்டு வாங்கியது. அதில் எழுதிக் காட்டினார்: "பிரசாரம் நடக்கும்."

"ஏனுங்க, சித்த வெலகி நின்னா என்னங்க? ஒடம்பு முக்கியமா ஓட்டு முக்கியமா?"

துடைத்துவிட்டு எழுதினார்: "வாபஸ் தேதி நேத்தோட போச்சு."

"போனாப் போகுது. பேரு மட்டும் நிக்கட்டும். நீங்க ஊட்டுல உக்காருங்க."

அண்ணன் சிலேட்டைக் கவிழ்த்து வைத்தார். புருஷன் பெண்டாட்டி சண்டையில் சிலேட்டைக் கவிழ்ப்பது புதுச் சௌகரியம். கத்துகிறவரை எதிர்த்துக் கத்தலாம், கவிழ்ந்த சிலேட்டை என்ன செய்ய?

ஆக, பிரசாரம் நடந்தது. பேசுவதற்கு மருதாம்பாளின் தம்பி கருப்புசாமி ஏற்பாடானார். நல்ல மனிதர். மைக்கைக் கண்டால் மாட்டைக் கண்ட மாதிரி விலகி நிற்பார். பந்தலூர் பஸ் ஸ்டாண்டில் முதல் கூட்டம். அண்ணன் கும்பிட்டபடி நிற்க, கருப்புசாமி ஆரம்பித்தார்.

"அன்பார்ந்த பெரியோர்களே! எங்க மச்சானுக்குத் தொண்டை செரியில்லை. அவர் பேச மாட்டார். ஆனாப் பேசாம இருந்தே உங்களுக்குச் சேவை செய்வார்!"

கூட்டத்தில் ஒரு குடைக்குள்ளிருந்து குரல் வந்தது: "சட்டசபையிலயும் அப்படித்தானே இருந்தாரு?"

சிரிப்பு அடங்க ஐந்து நிமிஷம் ஆனது. அண்ணனும் சிரித்தார், சத்தமில்லாமல். அந்தக் குடை என் கடையில் வாங்கியது. அதனால் ஆளைக் காட்டிக்கொடுக்க நான் தயாராய் இல்லை.

மறுநாளிலிருந்து கூட்டம் வேண்டாம், வீடு வீடாய்ப் போவது என்று முடிவானது. அங்கேதான் அண்ணனுக்கு மண்டி யோசனை வந்தது. கருப்புசாமி முன்னால் போய், "மச்சானால கேக்க முடியாதுங்க, கையில சொல்லுங்க" என்பார். அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கையின் மேல் போட்டு நீட்டுவார். பஜாரில் இது பிரமாதமாய் நடந்தது. வியாபாரிகள் துண்டுக்குள் கை விட்டு இரண்டு விரல், மூன்று விரல் என்று வீட்டு ஓட்டைச் சொன்னார்கள். என் முறைக்கு நான் இரண்டு பிடித்தேன். கடைத் தெரு முழுக்க உதறியவர்கள் நாலு பேர்தான். வியாபாரத்தில் அது ஒரு விஷயமே இல்லை.

பிறகு தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். ஒரு நாள் நானும் ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். பந்தலூர்ப் பக்கத்து லயங்களில், தோட்டக்காரர்கள் கட்டிவிட்ட வரிசை வீடுகளில், பாதிக்கு மேல் இலங்கையிலிருந்து திரும்பிவந்த குடும்பங்கள். சாயங்காலம், கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஆட்கள் திரும்புகிற நேரம். படங்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை சேறோடு, அட்டை கடித்த இடத்தில் சுண்ணாம்பு தடவியபடி வாசலுக்கு வந்து நின்றார்கள். எதிர் வேட்பாளர் ஜஸ்டஸ் அவர்களில் ஒருவர். கண்டிப் பக்கம் பிறந்தவர், இங்கே தொழிற்சங்கச் செயலாளர், பேசினால் மணிக்கணக்கு. அவர் கோட்டைக்குள் வந்திருக்கிறோம் என்று எங்களுக்குப் பயம்.

அண்ணன் துண்டு போட்ட கையை நீட்டினார். முதல் வீட்டில் காளிமுத்து என்கிற பெரியவர். கையைக் கொஞ்சம் பார்த்தார். அண்ணன் முகத்தைப் பார்த்தார். துண்டுக்குள் இரண்டு கையையும் விட்டு, ரொம்ப நேரம் அப்படியே நின்றார். அடுத்த வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கையா, வெறுந்தேத்தண்ணிதான், தொண்டைக்கு இதமா இருக்கும்" என்று தகரக் குவளையில் கொடுத்தார்கள்.

ஜீப்பில் ஏறியதும் அண்ணன் சிலேட்டில் பெரிதாய் எழுதினார்: "5". ஒரு வீட்டுக்கு அஞ்சு. லயத்துக்கு நாற்பது வீடு. ஏழு லயம். அவர் மண்டைக்குள் மணி உருள்வது எனக்குக் கேட்டது. அடுத்து எழுதினார்: "ஜஸ்டஸ் காலி."

"என்னங்க மச்சான், சங்கத்து ஆளுகளே அஞ்சு அஞ்சாப் புடிச்சிருக்காங்க!" என்று கருப்புசாமி குதித்தார். "கூட்டத்துல வாங்காத ஓட்டத் துண்டுல வாங்கிட்டீங்க!"

எனக்கும் உறுத்தவில்லை. நானும் துண்டுக்குள் வளர்ந்தவன்தானே.

தேர்தலுக்கு மூன்று நாள் முன்னால், உச்சிவேளை மழையில், கருப்பம்மாள் என்கிற தோட்டத்துப் பெண் மண்டி வீட்டுக்கு வந்தாள். அண்ணன் தேவாலாவுக்கு அந்தப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போயிருந்தார். நான் மருதாம்பாளுக்குப் புதுக் குடை கொடுக்கப் போயிருந்தேன். பழைய குடையை மனு கொடுக்க வந்த யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அந்த வீட்டில் வருஷத்துக்கு ஆறு குடை போகும். மருதாம்பாள் அடுப்பில் வேலையாய் இருந்தார். பத்து வருஷமாய் அந்த அடுப்பு அணைந்ததில்லை. மனுவோடு வருகிறவன் மழையோடு வருவான், அவனுக்குச் சுக்குக் காபியாவது கொடுக்காமல் எப்படி அனுப்புவது என்பார்.

கருப்பம்மாள் ஒரு பாட்டிலை நீட்டினாள். "ஆடாதோடைக் கசாயங்க. தேன் கலந்திருக்கு. ஐயாவுக்குக் காலையில ஒரு மடக்குக் குடுங்க."

"உள்ள வா கண்ணு, நனையாத. இதுக்கா இந்த மழையில வந்த?"

"மனசு கேக்கலீங்க. அன்னைக்குக் கையைப் புடிச்சேன் பாருங்க, ஐஸாட்டம் இருந்திச்சு. நடுங்குது வேற. எங்க லயத்துல எல்லாரும் அதைத்தான் பேசிக்கிட்டோம். வாயில்லாத சீவன் மாதிரி வந்து நிக்கிறாரு, கையை மூடிக்கிட்டு நீட்டுறாரு. குளிருதுன்னுதான் நீட்டுறாருன்னு நெனச்சு, நல்லாச் சூடு ஏறட்டும்னு ரெண்டு கையாலயும் பொத்திப் புடிச்சோம்."

மருதாம்பாள் கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன்.

"எல்லாருமா?"

"எல்லாருந்தாங்க. ஏழு லயத்துலயும்."

"கண்ணு, மறைக்காமச் சொல்லு. நான் கோவிச்சுக்க மாட்டேன். ஓட்டு?"

கருப்பம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் நேராகவே பார்த்துச் சொன்னாள். "உங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாதுங்க. ஓட்டு ஜஸ்டஸ் ஐயாவுக்குத்தான். அவரு எங்க சங்கத்து ஆளு. ஓட்டு அவருக்கு, நேத்திக்கடன் உங்க ஐயாவுக்கு. தொண்டை சொகமானா மாரியம்மனுக்குப் பொங்க வைக்கிறதா ஏழு லயமும் வேண்டிக்கிட்டு இருக்கோம். என் மக பொறந்தது ஐயா கொண்டாந்த ஆஸ்பத்திரியில தானுங்க."

அவளுக்கு அரிசிம்பருப்புச் சாதம் போட்டு, நெய் ஊற்றி, சாப்பிடுகிற வரைக்கும் மருதாம்பாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவள் போன பிறகு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இது இந்த ஊட்டுப் படி தாண்டக் கூடாது."

"அண்ணனுக்குச் சொல்ல வேண்டாங்களா? ஆயிரத்துச் சொச்சம் ஓட்டைத் தன் பக்கம்னு நெனச்சுட்டு இருக்காரே."

"நெனைக்கட்டும். ரோசனை பூரா இப்ப ஓட்டு மேல நிக்குது. அதப் புடுங்கிட்டா எங்க போகும்? தொண்டைக்குள்ள போயிரும். நாலு நாளைக்கு ஜெயிச்ச ஆளாத்தான் இருக்கட்டுமே." சொல்லிவிட்டு முந்தானையால் அடுப்பைத் துடைத்தார். அடுப்பு சுத்தமாய்த்தான் இருந்தது. "தபாலு வந்துதாங்க தம்பி? நீங்க போஸ்ட் ஆபீஸ்ல கேட்டீங்களா?"

கேட்டேன். தினமும் கேட்டேன். மூன்று வாரம் முடிந்து நாலு நாளாகியிருந்தது. டிரங்க் கால் போடலாம் என்றால் லைன் அறுந்து கிடந்தது. மலை முழுக்க அந்த வாரம் ஓட்டு, ஓட்டு என்று துடித்தது. ஒரு வீடு மட்டும் ஒரு கடுதாசிக்காகத் துடித்துக்கொண்டிருந்தது.

ஓட்டுப்பதிவு கொட்டும் மழையில் நடந்து முடிந்தது. எண்ணிக்கை கூடலூரில். அண்ணன் போகவில்லை; கருப்புசாமி போனார். எண்ணுகிற அன்று காலையில் கூடலூர் ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. ஜீப்புகள் மட்டும் ஓரமாய் ஊர்ந்து வந்துகொண்டிருந்தன.

அண்ணன் மண்டித் திண்டில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வெற்றிக் கடலை மிட்டாய் இரண்டு டின் வாங்கி வைத்திருந்தார். மருதாம்பாள் கதவுக்குப் பின்னால் நின்றார். நான் கடையைச் சாத்திவிட்டு வந்து ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தேன். மிளகு நெடியும் ஈரச் சாக்கு நெடியும். பேச முடியாதவர் ஒருவர் இருக்கிற இடத்தில் மற்றவர்களுக்கும் வாய் வராது என்பதை அந்த மாசம் கற்றுக்கொண்டேன்.

மத்தியானம் மூன்று மணிக்கு மேளச் சத்தம் கேட்டது. அண்ணன் எழுந்தார். கையில் மிட்டாய் டின். வளைவில் திரும்பி வந்த ஜீப்பில் மாலை போட்டுக்கொண்டு நின்றது ஜஸ்டஸ்.

அண்ணன் டின்னைக் கீழே வைத்தார். ஒரு மண்டிக்காரரின் முகத்தில் கணக்குத் தப்புவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இது அதைவிடப் பெரிது. துண்டு பொய் சொல்லிவிட்டது என்கிற முகம்.

ஜீப் போகாமல் மண்டி வாசலில் நின்றது. ஜஸ்டஸ் மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினார். பின்னாலேயே சொட்டச் சொட்டக் கருப்புசாமி. தோற்றவரின் ஏஜெண்டு ஜெயித்தவரின் ஜீப்பில்! வேறு வண்டி இல்லையே.

"ஐயா, மன்னிச்சுக்கணும்," என்றார் ஜஸ்டஸ். "வெற்றி தோல்வியெல்லாம் பொறகு. தபால் பஸ்ஸு மண்ணுக்கு அங்கிட்டு நிக்குது. தேவாலாப் பையை இந்த ஜீப்புல போட்டாங்க. நம்ம போஸ்ட் மாஸ்டர் இப்பத்தான் பிரிச்சாரு. உங்க கடுதாசியைக் கண்டதும் அவரே ஓடியாந்து என் கையில குடுத்து, 'ஊர்வலம் அந்த வழியாத்தானே போகுது, மொதல்ல இதைக் குடு'ன்னாரு."

கோயமுத்தூர் டாக்டரின் நீலக் கவர். அண்ணன் வாங்கினார். பிரிக்கவில்லை. மருதாம்பாள் வெளியே வந்து கவரைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். "படிங்க தம்பி. சத்தமாப் படிங்க."

படித்தேன். டாக்டர் எழுத்து டாக்டர் எழுத்தாகவே இருந்தது, ஆனாலும் படித்தேன். கெட்டது எதுவும் இல்லை. புற்று இல்லை. கத்திக் கத்தித் தொண்டையில் விழுந்த காய்ப்பு. மூட்டை சுமக்கிறவருக்குத் தோளில் காய்க்கிற மாதிரி. இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்து மெல்லப் பேசலாம். ஆனால் மேடையும் ஏலமும் இனி ஆயுசுக்கும் ஆகாது.

மருதாம்பாள் அப்படியே மிளகு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். அழுதாரா சிரித்தாரா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. "மாரியாத்தா... மாரியாத்தா..." என்பது மட்டும் கேட்டது. கருப்புசாமி ஜஸ்டஸைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். மாலை நசுங்கியது. மேளக்காரர்கள் அடிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார்கள்.

அண்ணன் சிலேட்டைத் தேடி எடுத்தார். பழக்கதோஷம். "5?" என்று எழுதி மருதாம்பாளிடம் காட்டினார்.

"அது அஞ்சு ஓட்டு இல்லீங்க," என்றார் மருதாம்பாள். "அஞ்சு வெரலு. உங்க கை சில்லுனு இருந்துதாம். சூடு பண்ணி அனுப்பியிருக்குது அந்தச் சனம். தொண்டை நல்லாகணும்னு ஏழு லயமும் பொங்க வைக்கிறதா வேண்டிக்கிட்டு இருக்குதுங்க. ஓட்டுக் குடுக்கலை. மத்ததெல்லாம் குடுத்துட்டாங்க."

ஜஸ்டஸ் தலையாட்டினார். "நானும் வேண்டிக்கிட்டேங்கையா. அந்தோணியார்கிட்ட."

அண்ணன் வாயைத் திறந்தார். துருப்பிடித்த குடையை விரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு என்று எங்களுக்குப் புரிந்தது. நாடுகாணி வரைக்கும் கேட்ட குரல், இப்போது மூட்டைக்கு அந்தப் பக்கம் கேட்கவில்லை. நாங்கள் கிட்டே போய்க் குனிந்து நின்றோம்.

"ஜஸ்டஸு," என்றார். ஒரு மாதத்தின் முதல் வார்த்தை. "அந்தக் காகித மாலையக் கழட்டுப்பா. நனஞ்சா சட்டையில சாயம் புடிச்சிரும். போகாது."

ஜஸ்டஸ் சட்டையைப் பார்த்தார். ஏற்கனவே பிடித்திருந்தது.

"ஐயா, சட்டசபையில எப்படி நடந்துக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. உங்களுக்கு ரெண்டு தடவை அனுபவம்."

அண்ணன் எச்சிலை மெல்ல விழுங்கினார். "ஃபேனுக்கு அடியில எடம் புடி."

மேளம் தானாகவே ஆரம்பித்தது. மிட்டாய் டின்னைக் கருப்புசாமி உடைத்து ஜெயித்தவர் ஊர்வலத்துக்கே பங்கிட்டார். வாங்கியது வீணாகக் கூடாது.

ஜீப் போன பிறகு, மருதாம்பாள் அண்ணன் தோளிலிருந்து துண்டை எடுத்தார். அவர் கையின் மேல் போட்டார். தன் கையையும் உள்ளே விட்டார். மாட்டுச் சந்தைத் தரகர் மகளின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. அண்ணன் முகத்தில் மட்டும் முதலில் ஒரு கெஞ்சல் வந்தது. துண்டு வெடுக்கென்று அசைந்தது, அது உதறல். இன்னொரு கெஞ்சல். இன்னொரு உதறல். அப்புறம் இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். துண்டு ஒரே ஒரு முறை லேசாய் அழுந்தியது.

துண்டுக்குள் நடப்பதைக் கேட்பது மண்டி வழக்கம் இல்லை. நானும் கேட்கவில்லை. மூன்று வருஷம் கழித்து அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்காரர்கள் வெற்றிலைத் தட்டோடு வந்து, "நீங்க பேசவே வேண்டாம், நின்னாப் போதும்" என்று கெஞ்சி, சுக்குக் காபி மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப் போனபோது, அன்றைய பேரம் யார் விலைக்குப் படிந்தது என்று பஜாருக்கே தெரிந்தது.

ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது இவ்வளவுதான். பேரம் முடிந்தால் கையை எடுத்துவிடுவது முறை. இரண்டு பேரும் எடுக்கவில்லை. வெளியே மழை வலுத்தது. நான் மெல்ல எழுந்து, புதுக் குடையை விரித்துக்கொண்டு, தெருவைத் தாண்டிக் கடையைத் திறக்கப் போனேன். பின்னாலிருந்து அந்தத் துருக்குரல் கேட்டது.

"மருதா, உன் கை ஏன் இப்படிச் சில்லுனு கெடக்குது?"